உழாத நாட்களில் நிலம் யாருடையது?

பாடத்தைப் புரிந்துகொள்ளாத மாணவனைக் கடிந்துகொள்ள முற்படும் ஆசிரியர், "உன் மண்டையில் இருப்பது மூளையா, களிமண்ணா?" என்று கேட்பது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். வேலைவெட்டியின்றித் திரிபவன் ஒருவனை இகழ விரும்புவோர் அவனைப் "புறம்போக்கு" என்கின்றனர். பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணைத் "தரிசு" என்று சொல்லி நோகடித்த கொடுமையும் நம் வீடுகளில் நிகழ்ந்ததுண்டு. மூன்றும் மண்ணைச் சுட்டும் சொற்கள், மூன்றும் வசைகளாகிவிட்டன. எதைப் பயனற்றது என்று ஒரு சமுதாயம் மனத்துக்குள் முடிவு செய்திருக்கிறதோ, அதையே அது வசையாக வாய்விட்டுச் சொல்கிறது எனக் கொள்வதில் தவறிருக்காது. அந்த முடிவு சரிதானா என்பதே நம் கேள்வி. அதற்கு முதலில் களிமண்ணை அதன் இயல்போடு அறிந்துகொள்ள வேண்டும். அறத்தைப் பேசுவோர் பொருளின் இயல்பை அறியாமல் பேசுவது நம்மிடையே மிகுந்துவிட்டது.

களிமண்ணின் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூற்றைவிடச் சிறியதையே மண்ணியலார் களித்துகள் என்பர். கரிசல் போன்ற கனத்த நிலங்களில் இத்துகள்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. மழை பெய்யும்போது ஏடுகளுக்கு இடையே நீர் புகுகிறது, மண் உப்புகிறது. கோடையில் அந்நீர் வெளியேறுகிறது. மண் சுருங்கி வெடிக்கிறது. வெடிப்புகள் விரல் நுழையும் அகலமுள்ளவையாகத் தொடங்கி, கடுங்கோடையில் கை நுழையும் அளவுக்கு விரிவதுண்டு. மேல்மண் உதிர்ந்து அவ்வெடிப்புகளுக்குள் விழுகிறது. அடுத்த மழையில் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. விழுந்த மண் அடியிலேயே தங்கி, அடியிலிருந்த மண்ணை மேலே நெருக்கித் தள்ளுகிறது. ஏர் தொடாமலேயே தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் நிலம் இது. இதனால்தான் அறிவியலார் 'திரும்புதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயரெடுத்து இவ்வகை மண்ணை 'வெர்டிசோல்' என்று அழைக்கின்றனர். நூற்றுக்கு முப்பது பங்கேனும் களி இருப்பது அப்பெயருக்கு உரிய அளவுகோல்களுள் ஒன்று.

இதன் கருமை பலரை ஏமாற்றுகிறது. கறுத்த மண் என்றால் மக்கிய உரம் நிறைந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் நம் நாட்டுக் கரிசலில் மட்கு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறுவதில்லை, தழைச்சத்தும் குறைவு. சுண்ணாம்புச் சத்து முதலிய உப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலிலும், நீரைத் தேக்கி வைக்கும் ஆற்றலிலுமே இதன் செல்வம் இருக்கிறது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கங்களில் மழை ஓய்ந்த பின்னரும் பருத்தி காய் பிடித்து நிற்பது அந்தத் தேக்கத்தினால்தான்.

ஆயினும் இச்செல்வத்தைப் பெற நிலம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. ஈரம் மிகுந்தால் மண் பசையாகிக் கலப்பையிலும் காளையின் குளம்பிலும் ஒட்டிக்கொண்டு நகரவிடாது. ஈரம் வற்றினால் பாறையாகிக் கொழு முனையை மழுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, உழுவதற்கு இசைவான நாட்கள் சிலவே. செம்மண்காரன் மழை விட்ட மறுநாள் ஏர் பூட்டலாம். களிமண்காரன் காத்திருந்தே ஆகவேண்டும். உழுத புழுதியைக் கால் பங்காகச் சுருங்கும்வரை உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் கருத்து, இத்தகைய நிலத்தைப் பார்த்துச் சொன்னதோ என்று நான் எண்ணுவதுண்டு. காயவிடுதலும் ஒரு வேளாண் வினையே. வெடிப்பு விழுந்து காற்றோட்டம் பெற்ற களிமண் அடுத்த மழையில் கட்டி கட்டியாக உடைந்து பொலபொலவென்று ஆகிவிடுகிறது. நிலம் சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றிய மாதங்களில் அது தன் பணியைச் செய்துகொண்டுதான் இருந்தது.

அந்த மாதங்களில் அங்கே புல் முளைக்கிறது. களிமண் வெளிகளின் இயற்கையான போர்வை பெரும்பாலும் புல்தான். ஆங்காங்கே கருவேலம் போன்ற முள்மரங்கள். மண் உப்பியும் சுருங்கியும் அசைந்துகொண்டே இருப்பதால் மரங்களின் வேர்கள் அறுபடுகின்றன. புல்லோ ஆண்டுதோறும் புதிதாகத் தலைகாட்டி வாழ்ந்துவிடுகிறது. தக்காணப் பீடபூமியிலும், எத்தியோப்பிய மேட்டு நிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும், அமெரிக்காவின் டெக்சாசிலும் இதுவே கதை. உலகில் ஏறத்தாழ முப்பத்து மூன்றரைக் கோடி ஹெக்டேர் இத்தகைய மண் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்கும் குறைவே பயிருக்குத் தக்கது என்றும், மற்றதில் பெரும்பகுதி மேய்ச்சலுக்குரியது என்றும் சொல்கிறார்கள். தக்காணத்து உழவர்கள் ஆழமான கரிசலில் மழைக்காலம் முழுதும் விதைக்காமல் விட்டுவைத்து, மழை முடிந்தபின் தேங்கிய ஈரத்தில் சோளமும் கடலையும் விதைத்தனர். ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவில் 1972இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வறள்நில வேளாண் ஆய்வு நிறுவனம் இவ்வழக்கத்தை மாற்ற முயன்றது. மழைக்குச் சற்று முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து, அகன்ற பாத்தியும் வாய்க்காலும் அமைத்து மிகைநீரை வடியவிட்டால் ஓராண்டில் இரு பயிர் எடுக்கலாம் என்று அங்கே செய்து காட்டினர். பாராட்டத்தக்க முயற்சி. எனினும் விதைக்காத மாதங்களில் அந்த வயல்களில் யாருடைய மாடுகள் மேய்ந்தன என்பது, விளைச்சலை எடைபோடும் கணக்கில் எளிதில் இடம்பெறுவதில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1997இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தின் மண் ஒரே தன்மையுடையதன்று. மேடுகளில் செம்மண், ஆற்றங்கரைகளில் மணலும் வண்டலும், ஏரிப் பாசன வயல்களில் கனத்த களி. மணவாள நகரிலிருந்து எந்தத் திசையில் சைக்கிள் மிதித்தாலும் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில்தான் போய் நிற்போம்; அந்த ஏரிக்குக் கீழே களிமண் வயல் இருக்கும். இது கரிசல் நாட்டுக் கரிசலன்று. ஏரி கொண்டுவந்து சேர்த்த களி. ஆயினும் உப்பலும் வெடிப்பும் இங்கும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நம்மவர் பருவம் பிரித்தது ஏரியில் நீர் நிற்கும் காலத்தை வைத்து. நீர் நின்ற பருவத்தில் சேற்றுழவு. களி குழைந்து அடியில் இறுகி நீரைக் கீழே போகவிடாமல் தாங்குகிறது. நீர் இல்லாத பருவத்தில் அறுத்த தாளும், தாளுக்கிடையே முளைத்த புல்லும், வெடிப்பும். அப்போது கறவை மாடுகள் இறங்கும். மெட்ராஸ் ரெட் எனப் பெயர் பெற்ற நம் பகுதிச் செம்மறிகளை இரவில் வயலிலேயே கிடை மடக்குவர். அவற்றின் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம். அறுவடையில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மேய்ப்பவர்கள் வருவார்கள். கிடை போட்டவருக்கு நிலத்துக்காரர் நெல் அளந்த காலம் உண்டு. ஏரும் மந்தையும் ஒரே நிலத்தை ஆண்டில் முறைவைத்துக்கொண்டு பயன்படுத்தின. ஒன்று விட்டுச் சென்றதை மற்றது எடுத்தது. எடுத்ததற்கு ஈடாக ஒன்றை விட்டுச் சென்றது. இதற்குப் பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை.

பழந்தமிழர் மேய்ச்சல் நிலத்தை முல்லை என்றும் உழவு நிலத்தை மருதம் என்றும் திணை பிரித்தனர். இலக்கணத்துக்கு அப்பிரிவு வேண்டியதே. ஆனால் ஏரிக்குக் கீழுள்ள களிமண் வயலில் நின்று பார்த்தால், தை மாதம் வரை மருதமாக இருந்த இடமே பங்குனியில் முல்லையாகிவிடுகிறது.

இந்த உறவு மிகப் பழையது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பூண்டிக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே பல்லாண்டு அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளின் காலம் ஏறத்தாழ பதினைந்து லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டனர். அக்கருவிகள் கிடைத்தது கெட்டியான களிமண் அடுக்குகளுக்குள். கருவிகளோடு மேய்ச்சல் விலங்குகளின் பற்களும், குளம்புத் தடங்கள் எனக் கருதப்படும் பதிவுகளும் அங்கே கிடைத்தன. மனிதன் ஏர் பிடிக்கக் கற்பதற்கு எத்தனையோ நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே இம்மாவட்டத்து ஈரக்களியில் குளம்புகள் பதிந்திருக்கின்றன.

இப்போது அறக்கேள்விக்கு வருகிறேன். அது நான் நூலகத்தில் உட்கார்ந்து எழுப்பிக்கொண்ட கேள்வி அன்று. எருமை இரண்டு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் அம்மா ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் (ஒப்புரவுத் தொட்டியில் அன்று, அங்கே கேட்டிருந்தால் இங்கே எழுதமாட்டேன்) என்னிடம் கேட்டது இது: "சாமி, முன்ன நெல்லு வெளஞ்ச இடம் இப்ப மனையாயிடுச்சு. கம்பி வேலி போட்டிருக்காங்க. புல்லு ஆளுயரம் நிக்குது. வருசம் நாலாச்சு, வந்து பாக்குறவங்க ஒருத்தரும் இல்ல. வேலி சாஞ்ச எடத்துல என் எருமைய உள்ள விட்டா அது திருட்டா சாமி? பாவமா?"

அந்த அம்மாவுக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் தரலாம். சட்டம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பிறர் நிலத்தில் புகுந்து சேதம் விளைக்கும் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கவும், அபராதம் கட்டி மீட்கவும் வகைசெய்தது. ஊருக்கு ஊர் பவுண்டு இருந்ததைப் பெரியவர்கள் அறிவர். பயிரைக் காக்க அத்தகைய சட்டம் வேண்டியதே. ஓர் இரவில் ஒரு மந்தை ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவை அழித்துவிட முடியும். ஆனால் அம்மா குறிப்பிட்ட இடத்தில் பயிர் இல்லை. அங்கே சேதப்படுவது எது?

விவிலியம் இத்தகைய சிறு கேள்விகளைத் தாழ்வாகக் கருதவில்லை. பிறர் திராட்சைத் தோட்டத்தினுள் செல்பவன் அங்கேயே வேண்டுமட்டும் உண்ணலாம், ஆனால் கூடையில் போட்டுக்கொண்டு போகலாகாது என்றும், பிறர் வயலில் கதிரைக் கையால் கொய்யலாம், அரிவாள் வைக்கலாகாது என்றும் இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் வரையறுக்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட்டுவைக்க வேண்டும். அதில் தானே விளைவதை ஏழைகள் உண்ணட்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்பது விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை. இவற்றை இரக்கச் செயல்களாக மட்டும் விளக்கி முடித்துவிடுகிறோம். எனக்கு அவை எல்லை வகுக்கும் சட்டங்களாகவே படுகின்றன. உழாத ஆண்டில் விளைந்தது நிலத்துக்காரனுடையது என்று அங்கே கொள்ளப்படவே இல்லை. ஆகவே அவன் அதைத் 'தருகிறான்' என்று சொல்வதற்கும் இடமில்லை.

குருமடத்தில் நாங்கள் படித்த தாமஸ் அக்குவினாரின் 'சும்மா தெயோலோகியே' களவைப் பற்றிய பகுதியில் இதையே வேறு வழியில் அணுகுகிறது. தனியுடைமை முறையானது என்கிறார் அவர். தனக்கென்று உள்ளதை மனிதன் அதிகக் கவனத்தோடு பேணுவான், பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாக இருக்கும், சச்சரவு குறையும் என்று காரணங்களும் தருகிறார். ஆனால் இவை பொருளைப் பேணவும் பகிரவும் உள்ள உரிமைக்கான காரணங்கள். பொருளை நுகர்வதில் அதைப் பொதுவானதாகவே கருதி, தேவையுள்ளோருக்கு எளிதில் பகிர வேண்டும் என்கிறார். உயிர் போகும் நெருக்கடியில் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்றும் பின்னர் சேர்க்கிறார். அந்த அம்மாவின் நிலை உயிர் போகும் நெருக்கடியன்று. இந்தக் கடைசி விதியின் நிழலில் நான் அவரை நிறுத்த முடியாது. ஆனால் முதலில் சொன்ன காரணங்களைத் திருப்பிப் பாருங்கள். தன்னுடையதை மனிதன் நன்றாகப் பேணுவான் என்பது தனியுடைமைக்குக் காரணமென்றால், நான்கு ஆண்டு எட்டியும் பாராதவரின் உரிமை எதன்மீது நிற்கிறது? பத்திரத்தின்மீது நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பத்திரத்தின்மீது மட்டுமே நிற்கிறது என்பதுதான் சிக்கல்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. பொதுவாக விடப்பட்ட மேய்ச்சல் வெளியில் ஒவ்வொரு மேய்ப்பனும் தனக்கு இன்னுமொரு மாடு என்று சேர்த்துக்கொண்டே போய், முடிவில் வெளியையே அழித்துவிடுவர் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. களிமண் தரையில் இவ்வெச்சரிக்கைக்குத் தனி அழுத்தம் உண்டு. ஈரக்களியில் மாடு நடந்தால் மண் மிதிபட்டு இறுகி, புல்லின் வேருக்குக் காற்றுப் போகாது. காய்ந்தபின் அந்தக் குளம்புக் குழிகள் அடுத்த உழவுக்குப் பெருந்தொல்லை. முழுக்கக் காய்ந்த தரையில் வெடிப்புக்குள் கால் சிக்கி மாடு நொண்டியாவதும் உண்டு. ஆகவே மேய்ச்சலுக்கும் இந்நிலம் நாள் குறித்து வைத்திருக்கிறது. ஹார்டின் கணக்கில் வராத செய்தி என்னவெனில், பல ஊர்கள் அந்நாளை அறிந்து விதி வகுத்திருந்தன என்பதே. எல்லோருடைய அறுவடையும் முடியும்வரை மந்தை இறங்கக் கூடாது. மழை பெய்தால் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மீறினால் ஊர்க்கூட்டத்தில் தண்டம். உலகின் பல பகுதிகளில் இத்தகைய விதிகள் தலைமுறை தலைமுறையாகப் பொதுச்சொத்தைக் காத்து நின்றதை ஆராய்ந்து காட்டிய எலினோர் ஆஸ்திரமுக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த விதிகளுள் பல, எல்லோருக்கும் சமநீதி வழங்கியவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க்கூட்டங்களில் சேரிக்காரர் நின்ற இடமும் அவருக்குக் கிடைத்த தண்டமும் நாம் அறியாதவையா? பழையதைப் பாராட்டும்போது இதை மறந்துவிடுகிறோம்.

நிலமற்றோருக்கு உறுதியாக மிஞ்சியிருந்தது மேய்க்கால் புறம்போக்கு. ஊர்க்கணக்கில் வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்டதே புறம்போக்கு. அதில் மந்தைக்கென்று குறித்து வைத்தது மேய்க்கால். சென்னையில் மந்தைவெளி என்ற பெயர் இரயில் நிலையப் பலகையில் இன்னும் இருக்கிறது, மந்தையைத்தான் காணோம். நம் மாவட்டத்தில் 1980களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வளரத் தொடங்கியபோது எண்ணற்ற குடும்பங்களுக்குக் கூலி கிடைத்தது. அதன் நன்மையை மறுப்பவன் தன் பங்கு மக்களின் அடுப்பை அறியாதவன். ஆயினும் தொழிற்பேட்டைக்கு நிலம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது, யார் பெயரும் எழுதப்படாத நிலமே. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டபோது, பெரும்பான்மையும் தலித் மக்களான ஊரார் அதை எதிர்த்துப் போராடினர். அங்கே டயர் ஆலை அமைக்க மிஷ்லின் நிறுவனம் 2009இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2012இல் ஊர்ச் சங்கமும், நம் நாட்டு நிலவுரிமைக் கூட்டமைப்பும், பிரெஞ்சுக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று உள்ளிட்ட சிலரும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிகளைக் கவனிக்கும் பிரெஞ்சு அரசின் மையத்தில் முறையிட்டனர். அம்மையம் 2013இல் தந்த அறிக்கை, நிறுவனம் நெறிகளை மீறியதாகப் பொதுவில் காணவில்லை. ஆனால் மக்களுக்கு நேரும் பாதிப்புகளை இன்னும் கவனமாக ஆராய வேண்டும் என்றது. யார் சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. அந்நிலம் மேட்டு நிலம், நான் பேசும் களிமண் வயலன்று என்பதையும் அறிவேன். ஆயினும் கேள்வி ஒன்றே: 'யாரும் பயன்படுத்தாத நிலம்' என்று ஏட்டில் எழுதுபவர், ஆடு ஓட்டிச் செல்பவரை 'யாரும்' என்பதற்குள் சேர்த்தாரா?

2011 சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமித்தோரை அகற்றி அவற்றை ஊருக்கே மீட்டுத்தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அரசு முறையாகக் குத்தகைக்கு விட்டது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அத்தீர்ப்பை நம் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

களிமண்ணுக்கே நேரும் இன்னொரு கதியையும் சொல்ல வேண்டும். உழவு மண்ணை இருந்த இடத்திலேயே விடுகிறது. மேய்ச்சல் புல்லை எடுத்துச் சாணத்தைத் தருகிறது. செங்கற்சூளை மண்ணையே எடுத்துக்கொண்டு போகிறது. நம் மாவட்டத்துச் சூளைகளுக்கு வயலின் மேற்களியும் ஏரிப்படுகை மண்ணும் லாரி லாரியாகச் செல்வதை எல்லோரும் பார்க்கிறோம். அங்கே கல் அறுக்க ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைப்போரின் கதை தனியே எழுதவேண்டியது. ஏரியில் படிந்த வண்டலை அளவோடு வாரி வயலில் கொட்டுவது நம் முன்னோர் வழக்கம். அதில் ஏரியும் ஆழமாகிறது, வயலும் வளம் பெறுகிறது. மேல்மண்ணை மூன்றடி வெட்டி விற்பது அதனோடு சேர்ந்ததன்று. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன; ஒரு மதிய நேரத்தில் அது ஏற்றப்பட்டுவிடுகிறது. விற்பவர் பட்டாதாரர்; சட்டப்படி அனுமதியும் பெற்றிருக்கலாம். திராட்சை தின்றவனையும் கூடையில் அள்ளியவனையும் பிரித்துப் பார்த்த அந்த இணைச்சட்டக் கண், தோட்டத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறவனை எப்படிப் பார்த்திருக்கும்? எருமை நான்கு வாய்ப் புல் தின்பதைக் களவா என்று கேட்டு மனம் நோகும் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். தனக்குப் பின் வரும் எல்லோருக்கும் உரிய மேல்மண்ணை விற்றவர் அப்படி ஒரு கேள்வியோடு என்னிடம் வந்ததில்லை.

2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு பண்புகளைச் சோதித்து எழுதித் தருகிறார்கள். அவற்றுள் கரிமச்சத்தும் ஒன்று. மாடும் ஆடும் கால் வைக்காத வயல் எது என்பதை அந்த ஒரு வரியிலேயே ஓரளவுக்குப் படித்துவிடலாம். டிராக்டர் வந்து உழவு மாடு போனது. மனை வந்து கறவை மாடும் போய்க்கொண்டிருக்கிறது. எருவுக்குப் பதிலாக மூட்டை உரம். களிமண்ணில் மட்கு குறைந்தால் கட்டி உடையாது, மழைநீர் உள்ளே இறங்காது. உழுவதற்கு இசைவான அந்தச் சில நாட்களும் இன்னும் குறைந்துபோகும். மந்தையை விலக்கிய உழவன் தன் உழவு நாட்களையே இழக்கிறான்.

மனையாக மாறிய பிறகும் மண் தன் இயல்பை விடுவதில்லை. களிமண் வயலில் சாதாரண அடித்தளம் போட்டுக் கட்டிய வீட்டின் சுவரில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுவதை நம் பகுதியில் பல வீடுகளில் காணலாம். மழைக்கு உப்பி வீட்டைத் தூக்குகிறது. கோடைக்குச் சுருங்கி இறக்குகிறது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல விரிந்த தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையைக் கண்டது. மண் அசையாத ஆழத்தில் வீட்டை நிறுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. செலவு கூடுதல் என்று பெரும்பாலோர் செய்வதில்லை. வேலிக் கற்களும் அப்படித்தான். இரண்டு மழைக்காலம் போனால் ஒன்றுகூட நேராக நிற்காது. அந்த அம்மா சொன்ன சாய்ந்த வேலியை யாரும் சாய்த்திருக்க மாட்டார்கள்.

நான் அவருக்குச் சொன்ன பதிலை எழுதிவிடுகிறேன்; வாசகர் ஏற்கலாம், மறுக்கலாம். வேலியைப் பிரித்து உள்ளே போகாதீர்கள். உரிமையாளர் யாரென்று தெரிந்தால் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில், சாய்ந்த வழியாகப் போகும் எருமை அங்கேயே நின்று தின்னட்டும். புல்லை அறுத்துக் கட்டி விற்காதீர்கள். மழை நாளில் விடாதீர்கள். இது பாவமன்று. அவர் தலையசைத்துவிட்டு, "அடுத்த வருசம் வீடு கட்டிடுவாங்களாம் சாமி, அதுவரைக்கும்தான்" என்றார். இணைச்சட்டத்திலும் அக்குவினாரிலும் நான் தேடி எடுத்த விடை ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதன் பிறகு எருமைகளை எங்கே ஓட்டுவது என்பதை அவர் என்னிடம் கேட்கவில்லை. ஊராட்சி அலுவலகத்துப் பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதிய சர்வே எண் ஏதேனும் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.